கொங்சி போட்ட மருந்து

மோகனராஜின் கல்லீரலுக்கு எண்பது வெள்ளி விலை போட்டிருந்தார்கள். ஒரு தடவை வந்து போனால் எண்பது ரிங்கிட். பார்க்கிங் சீட்டைக் காட்டினால் அது தனி. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில் கொடுத்த பதினேழு பக்கப் படிவத்தில் ஒன்பதாம் பக்கத்தில், 'பங்கேற்பாளரின் பயணச் செலவு' என்ற தலைப்புக்குக் கீழே அது இருந்தது. பினாங்கு லெபு பாசார் தெருவில் முப்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருப்பவர் மோகனராஜ். முதலில் சொன்ன விலைக்கு ஒரு கரண்டியைக்கூட விற்றதுமில்லை, வாங்கியதுமில்லை. அப்படிப்பட்டவர் அன்றைக்கு வாயே திறக்காமல் கையெழுத்துப் போட்டார். பயந்துபோனவனுக்குப் பேரம் பேசத் தெம்பு இருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது சீர்ப் பாத்திரம் வாங்க ஓடிவரும் அப்பன்மாரிடம் அவர் எத்தனையோ முறை லாபம் பார்த்திருக்கிறார். இந்தத் தடவை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது அவர்.

பயத்துக்குக் காரணம் அண்ணன் கார்த்திகேசு. அண்ணன் தம்பி இருவருக்குமே பிறந்த அன்றே அம்மாவிடமிருந்து கல்லீரல் கிருமி வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐம்பது வருஷம் அது ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை கொடுக்காமல், சத்தமும் போடாமல் குடியிருக்கும் ஆள் மாதிரி. கார்த்திகேசுக்கு ஐம்பத்தொரு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண் மஞ்சளானது. திங்கட்கிழமை ஸ்கேன். கல்லீரலில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அடுத்த மாதம் அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த டாக்டர் ஒருவர் சொல்லித்தான் மோகனராஜ் தன் இரத்தத்தைச் சோதித்தார். அவருக்கும் இருந்தது.

அண்ணன் போன வயது வர இன்னும் ஏழு மாதம். தினமும் கடை திறந்ததும் கைபேசி வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடித்து, படம் எடுத்து, நேற்றைய படத்தோடு வைத்துப் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனாலும் இன்னொரு படம் எடுப்பார். கைபேசியில் பேரப்பிள்ளை படத்தைவிட அவருடைய கண் படம்தான் அதிகம்.

ஆராய்ச்சியை நடத்தியவர் டாக்டர் தர்ஷிகா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவசரமில்லாமல் பேசுவார்.

"அங்கிள், நீங்க இப்ப சாப்பிடுற மாத்திரை கிருமியக் கட்டிப் போடும், வெளிய அனுப்பாது. இது வேற மருந்து, ரொம்பப் பழசு. இரத்தக் குழாய விரிச்சு விடறதுக்குக் குடுக்கறது. ஆய்வுக்கூடத்துல பாத்தா, கிருமி கல்லீரல் செல்லுக்குள்ள நுழையறத இது தடுக்கிற மாதிரி தெரியுது. கண்ணாடிக் குழாய்க்குள்ள நடந்தது மனுஷனுக்குள்ள நடக்குமான்னு எங்களுக்குத் தெரியாது. அதத்தான் பாக்கப் போறோம். பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அச்சு அசலா அதே மாதிரி மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்."

மோகனராஜ் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "டாக்டர், எனக்கு எண்பது வெள்ளி வேணாம். நான் வேணா மேல போட்டுத் தரேன்லா. மருந்து உள்ள புட்டியாப் பாத்து ஒன்னு எடுத்து விடுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். மோகனராஜ் சிரிக்கவில்லை.

அடுத்த அறையில் ஜெகதீஸ்வரி என்ற தாதி இருந்தார், எல்லோருக்கும் 'மிஸி'. மருந்தைக் கொடுப்பதும், திரும்ப வாங்கி எண்ணுவதும் அவர் பொறுப்பு. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை மோகனராஜ் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பது மாதிரி ஒப்பிக்க வைத்தார்.

"இத எப்பவும் பர்ஸ்ல வச்சிருங்கண்ணே. நெஞ்சு வலின்னு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மொதல்ல இதக் காட்டணும். நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை, இல்ல ஸ்ப்ரே, அது இந்த மருந்தோட சேரவே கூடாது. சேந்தா என்ன ஆகும்?"

"பிரஷர் எறங்கிடும் மிஸி."

"எறங்கறதில்ல. தரையில விழுந்துடும். ஆளே போயிடலாம். இன்னொன்னு, உங்க புட்டி உங்களுக்கு மட்டும். வீட்டுல யாருக்கும் ஒன்னுகூட குடுக்கக் கூடாது."

"சேச்சே" என்றார் மோகனராஜ்.

வெளியே பெஞ்சில் முகம்மது சுல்தான் உட்கார்ந்திருந்தார். மோகனராஜ் கடைக்கு நேர் எதிரே காசு மாற்றும் கடை வைத்திருப்பவர். இருபது வருஷமாக ஒருவர் கடைக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள். தெருவில் எந்தக் கடை கடனில் இருக்கிறது, எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் தெரியும். இது மட்டும் தெரியாது. முதல் தடவை இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தபோது இருவரும் ஒரே நேரத்தில், "சும்மா செக்கப்" என்றார்கள். பெஞ்சுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குக் கல்லீரல் படம் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை அந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. இன்று மூன்றாம் தடவை. இருவர் கையிலும் ஆளுக்கொரு வெள்ளைப் புட்டி, முப்பது மாத்திரை.

இருவரும் ஒரே லிஃப்டில் இறங்கினார்கள். கீழே கார் நிறுத்துமிடத்தில், தூணுக்குப் பின்னால் வந்ததும் சுல்தான் நின்றார்.

"தம்பி, ஒன்னு கேக்கறேன். ரேட் ஏறுமா எறங்குமான்னு தெரியாதப்ப நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கெப்படி பாய் தெரியும்? தெரிஞ்சா நானும் காசு மாத்தப் போயிருப்பேன்ல?"

"பாதி டாலர், பாதி ரிங்கிட். எது விழுந்தாலும் நான் முழுசா விழமாட்டேன். இப்ப ஒன் புட்டி மருந்தா மாவா தெரியாது. என் புட்டியும் தெரியாது. ரெண்டையும் கொட்டிக் கலந்து பாதிக்குப் பாதி பிரிச்சுக்குவோம். கொங்சி போட்டுக்கலாம். ரெண்டுல ஒன்னு மருந்தா இருந்தாலும் ஆளுக்குப் பாதி உறுதி."

"பாதி மருந்து வேலை செய்யுமா பாய்?"

"முழு மாவு வேலை செய்யுமா?"

மோகனராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார். இரண்டு புட்டியும் மருந்து என்றால் நஷ்டமில்லை. இரண்டும் மாவு என்றால் இருவருக்கும் ஒரே விதி. தன்னுடையது மாவாகவும் பாயுடையது மருந்தாகவும் இருந்தால் கொள்ளை லாபம். தன்னுடையது மருந்தாக இருந்தால்தான் கை நஷ்டம். நாலில் மூன்று சாதகம். இவ்வளவு நல்ல வியாபாரம் அவருக்கு எப்போதாவதுதான் வரும். அந்த நாலில் ஒன்றைத்தான் நினைத்துக் கொஞ்சம் பயந்தார். முழு மாவை நினைத்து அதைவிட அதிகம் பயந்தார்.

"மிஸி கண்டுபிடிச்சிட்டா?"

"மிஸி எண்ணத்தான் செய்வாங்க. எண்ணிக்கை சரியா இருக்கும். நீயும் நானும் எண்ணிக்கையில விட்டிருக்கோமா?" சுல்தான் கையை நீட்டினார். "ஒரு பேச்சு. யாருகிட்டயும் சொல்றதில்ல. வீட்டுலயும் சரி, டாக்டர்கிட்டயும் சரி. ஒருத்தன் சொன்னா ரெண்டு பேருக்கும் சரக்கு நின்னுபோயிடும்."

கை கொடுத்தார்கள். மோகனராஜின் காரில் முன் இருக்கையில் நாளிதழை விரித்து, அறுபது மாத்திரையையும் கொட்டிக் கலக்கி, ஒன்று உனக்கு ஒன்று எனக்கு என்று பிரித்தார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம், ஒரே கோடு. ஏர்கான் ஓடியும் இருவருக்கும் வேர்த்தது.

ஐந்தாம் நாள் மோகனராஜுக்குத் தலை இடித்தது. காது மடல் சுட்டது. முகம் சிவந்துவிட்டது. எதிர்க் கடைக்கு ஓடினார். கம்பி வலைக்குப் பின்னால் சுல்தானும் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இரத்தக் குழாய் விரிகிறது. மருந்து இருக்கிறது. யாருடைய புட்டியில் என்று தெரியாது, ஆனால் இருக்கிறது.

அதன் பிறகு காலைகள் எல்லாம் சூதாட்டம். சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் மேல் தட்டில் இருக்கும் குத்துவிளக்கை எடுக்க ஏணியில் ஏறினால் கடை முழுக்கச் சுற்றும், நெஞ்சு தடதடக்கும். எந்த நாள் மருந்து, எந்த நாள் மாவு என்று தெரியாத உடம்பு. இது மருந்து செய்வதா, கல்லீரல் செய்வதா, அண்ணனுக்கு வந்தது இப்படித்தான் ஆரம்பித்ததா என்று ஏணியைக் கட்டிக்கொண்டு நிற்பார். கேட்க ஆளில்லை. டாக்டரிடம் கேட்டால், "தினமும் இருக்கா, விட்டு விட்டு இருக்கா?" என்பார். விட்டு விட்டு என்று சொன்னால் ஏன் என்பார்.

இரண்டாம் மாதம் முடிந்து போனபோது டாக்டர் தர்ஷிகாவின் மேசையில் ஒரு தாள் கிடந்தது. எதிராளியின் பில்லைத் தலைகீழாகப் படிப்பது மோகனராஜுக்குச் சின்ன வயதில் கைவந்த வித்தை. அவர் பெயருக்கு நேரே, கிருமியின் அளவைக் காட்டும் எண் முதலில் இரண்டாயிரத்து நானூறு. இப்போது ஆயிரத்து முந்நூறு.

"கொறஞ்சிருக்கா டாக்டர்?"

டாக்டர் தாளைத் திருப்பிப் போட்டார். "அங்கிள், இது சும்மாவே ஏறி எறங்கும். ஒரு வருஷம் போகாம எதுவும் சொல்லக் கூடாது."

அவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்து நூறு குறைந்திருக்கிறது. காரில் உட்கார்ந்து மோகனராஜ் அழுதார், பிறகு பாய் கடைக்குப் போய்ச் சொல்லி மறுபடி அழுதார். அண்ணன் வயதைத் தாண்டிவிடலாம் என்று முதல் தடவையாக அன்றைக்குத்தான் நம்பினார். நம்பிக்கை வந்த பிறகு பயம் இரட்டிப்பானது. இழப்பதற்கு இப்போது ஒரு பொருள் இருந்தது.

மாதா மாதம் காரில் கலந்து பிரித்ததில், மூன்றாம் புட்டியில் பதினான்காம் நாள், ஒரு வியாழக்கிழமை. அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் அன்னதானத்துக்கு அண்டா பார்க்க வந்திருந்தார். பாலம் தாண்டி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. அண்டாவை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. சுல்தான் பெயர். எடுத்தால் பேசியது அவர் மகள் நூருல்.

"அங்கிள், அத்தாவுக்குக் காலையில நெஞ்சு வலி. எமர்ஜென்சில வச்சிருக்காங்க. நல்லா வேர்த்துக் கொட்டுது. டாக்டர் ஒன்னு கேக்குறாங்க, அதான் போன் பண்ணேன். அந்த ஆராய்ச்சி மாத்திரையத் தவிர அத்தா வேற ஏதாச்சும் சாப்பிட்டாரா? நீங்களும் அங்கதான போறீங்க, உங்களுக்குத் தெரியுமேன்னு."

"இல்லையேம்மா. எனக்குத் தெரிஞ்சு ஒன்னுமில்ல" என்றார் மோகனராஜ். யோசிக்காமல் வந்த பதில். வரி அதிகாரி கேட்டாலும், மச்சான் கேட்டாலும் முதலில் வருவது 'இல்லை'தான்.

"அப்ப சரி அங்கிள். அட்டையப் பாத்துட்டு மேல ஆபீசுக்குப் போன் போட்டாங்க. கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்தாங்களாம். அத்தாவோடது மருந்தே இல்லையாம், வெறும் மாவாம். அதனால பயமில்ல, நாக்குக்கு அடியில அந்த ஸ்ப்ரே அடிக்கலாம்னு சொல்றாங்க. நான் வக்கிறேன், கூப்புடறாங்க."

வைத்துவிட்டாள். திரையில் மணி பத்து பன்னிரண்டு.

மோகனராஜ் கணக்கைக் கூட்டினார். பாயுடையது மாவு. அப்படியென்றால் தலை இடித்ததும் காது சுட்டதும் எங்கிருந்து வந்தது? தன்னுடைய புட்டியிலிருந்து. கம்ப்யூட்டர் தனக்குத்தான் மருந்தைக் கொடுத்திருக்கிறது. அந்த நாலில் ஒன்று. எழுபது நாளுக்கு மேலாகத் தன் உயிரில் பாதியை எதிர்க் கடைக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பாதி இப்போது பாயின் இரத்தத்தில் ஓடுகிறது, மாவு என்று நம்பி அவர் நாக்குக்கு அடியில் ஸ்ப்ரே அடிக்கப் போகிறார்கள்.

"நானூத்தி எண்பது எல்லாம் கட்டாதுண்ணே" என்றார் கமிட்டிக்காரர். "கோயிலுக்கு எடுக்குறோம். நானூறு வச்சுக்குங்க."

"கோயிலுக்குன்னுதான் நானூத்தி எண்பது" என்றது மோகனராஜின் வாய்.

அட்டை பர்ஸில் இருந்தது. இருபத்துநாலு மணி நேர எண் அதில் இருந்தது. ஒரு தடவை அழுத்தினால் போதும். அழுத்தினால் மிஸி கேட்பார்: பாய்க்கு மருந்து எப்படிப் போச்சு? சொல்ல வேண்டும். சொன்ன அந்த நிமிடமே புட்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆயிரத்து முந்நூறு மறுபடி இரண்டாயிரத்து நானூறு ஆகும், மூவாயிரம் ஆகும், எலுமிச்சம்பழம் ஆகும். சொல்லாவிட்டால்? நாளையிலிருந்து கொங்சி இல்லை. முழுப் புட்டியும் தனக்கே.

அந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன்மேலேயே பயம் வந்தது. ஆனாலும் கை பர்ஸுக்குப் போகவில்லை.

"பினாங்குக்கு வந்தா வெலை கொறையும்னு பாத்தா, டோல் காசுகூட தேறாது போலிருக்கே. நானூத்திப் பத்து."

"அடியில பாருங்கண்ணே, ரெட்டைத் தகடு. நானூத்தி அறுபத்தஞ்சு."

ஒருவேளை பாய் இன்றைக்கு விழுங்கியது மாவாகவே இருக்கலாம். பாதிக்குப் பாதி. ஒருவேளை ஸ்ப்ரே வேண்டாம் என்று டாக்டரே முடிவு பண்ணலாம். ஒருவேளை இதற்குள் அடித்து, ஒன்றும் ஆகாமல், பாய் எழுந்து உட்கார்ந்து குடிக்க மைலோ கேட்டுக்கொண்டிருக்கலாம். எத்தனை ஒருவேளை. சுற்றிலும் தட்டு, குடம், தாம்பாளம். எல்லாவற்றிலும் ஒரு மோகனராஜ் அண்டா விலை பேசிக்கொண்டிருந்தான். எதிரே காசு மாற்றும் கடையின் கம்பி வலை இன்னும் திறக்கவில்லை. பலகையில் நேற்றைய டாலர் விலை.

"கடைசியாச் சொல்லுங்க."

"நானூத்தி நாப்பது."

"நானூத்தி இருவது. எடுத்துக்கறேன்."

மனசாட்சி வந்து தோளைத் தட்டியது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாய் செத்துப்போனால் இரத்தத்தைச் சோதிப்பார்கள் என்று மோகனராஜுக்குத் தோன்றியது. மாவு சாப்பிட்டவன் இரத்தத்தில் மருந்து எப்படி வந்தது என்று தேடுவார்கள். கார் நிறுத்துமிடத்தில் கேமரா உண்டு. காருக்குள் நாளிதழை விரித்து எண்ணிய இரண்டு தலையும் அதில் இருக்கும். போலீஸ் வரும். புட்டி எப்படியும் போகும், கூடவே மோகனராஜும் போவார். சொல்வதில் நஷ்டம் பாதி, சொல்லாததில் முழுசு. அப்போதுதான் கை பர்ஸுக்குப் போனது.

"ஒரு நிமிஷம்ணே" என்று கமிட்டிக்காரரிடம் சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார். ஜெகதீஸ்வரி எடுத்தார்.

"மிஸி, சுல்தான் பாய்க்கு அந்த ஸ்ப்ரே அடிக்காதீங்க. அவர் ஒடம்புல மருந்து இருக்கு."

"இல்லண்ணே, தொறந்து பாத்தாச்சு, அவருக்கு மாவுதான்…"

"நாங்க கொங்சி போட்டோம் மிஸி! ரெண்டு புட்டியையும் கலந்து பிரிச்சுக்கிட்டோம்! என்னோடத அவரும் சாப்பிடறாரு!"

 அந்தப் பக்கம் நாற்காலி சரியும் சத்தம். கைபேசியை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினார் ஜெகதீஸ்வரி. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. இணைப்பு அறுபடவில்லை. மோகனராஜ் அதைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். காலி அறையின் ஏர்கான் இரைச்சல் கேட்டது. எங்கேயோ ஒரு தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் வரவில்லை. கமிட்டிக்காரர் நானூற்றிருபதை எண்ணி மேசையில் வைத்து, மோகனராஜ் முகத்தைப் பார்த்து, ரசீது கேட்காமலேயே அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வெளியே டாக்டர் தர்ஷிகா அவரைப் பிடித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஸ்ப்ரே பத்து பதினெட்டுக்கு அடிச்சிருக்காங்க. ஒடனே பிரஷர் விழுந்துடுச்சு. மேல் கணக்கு ஐம்பதுக்குக் கீழ. ஏன் விழுதுன்னே யாருக்கும் புரியல. வலி நிக்கல, பிரஷர் கொஞ்சம் ஏறினா ரெண்டாவது தடவை அடிக்கலாமான்னு பேசிட்டு இருந்திருக்காங்க. அப்பத்தான் உங்க போன். பத்து இருபத்தி மூனு. அதுக்கப்புறம் காலத் தூக்கி வச்சு, தண்ணி ஏத்தி, ஊசி போட்டு இழுத்துப் பிடிச்சிருக்காங்க. நீங்க சொல்லலைன்னா ரெண்டாவதும் அடிச்சிருப்பாங்க."

"பொழச்சுக்குவாரா டாக்டர்?"

"தெரியல அங்கிள்."

அந்த இரண்டு வார்த்தையோடு மோகனராஜ் சாயங்காலம் வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். யாருக்காக எழுகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. பாய்க்காகவும் இருக்கலாம், போலீசுக்காகவும் இருக்கலாம்.

சுல்தான் பிழைத்தார். ஆனால் இரத்தம் ஓடாமல் நின்ற அந்தச் சில நிமிடங்களில் மூளையில் ஒரு சின்ன இடம் பட்டுப்போயிருந்தது. மூன்றாம் நாள் மோகனராஜ் வார்டுக்குப் போனபோது பாயின் இடது கை போர்வைமேல் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கையில்தான் நோட்டுக் கட்டைப் பிடித்து, வலது கட்டை விரலால் விசிறி மாதிரி தள்ளி எண்ணுவார். இயந்திரத்தைவிட வேகம்.

"தம்பி" என்றார். பேச்சு கொஞ்சம் இழுத்தது. "வெறும் மாவுன்னு அந்த டாக்டர் பையன் சொன்னப்பவே எனக்கு வெளங்கிடுச்சு. மருந்து ஒன் புட்டி."

"பாய், அப்பவே நீங்க சொல்லியிருக்கலாம்ல? மிஸி அத்தன தடவ சொன்னாங்களே, ஸ்ப்ரே கூடாதுன்னு."

"சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். சொன்னா ஒன் சரக்கு நின்னுபோயிடும். ஒனக்கு நம்பர் எறங்குதுன்னு கடையில வந்து அழுதியே." சுல்தான் மூச்சு வாங்கினார். "ஒரு தடவ அடிச்சா என்ன ஆயிடும்னு நெனச்சேன். பேச்சு பேச்சுதானப்பா. நீ ஒடனே போன் போட்டுட்டியாமே. நல்லவேளை."

 உடனே என்ற வார்த்தையைக் கேட்டதும் மோகனராஜ் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தார்.

தாழ்வாரத்தில் நூருல் நின்றிருந்தாள். "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். பிறகு, கோபமில்லாமல், ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுகிற குரலில், "நான் கேட்டப்ப மொதல்ல ஒன்னுமில்லன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"பதட்டத்துல ஓடலம்மா."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே பயமாக இருந்தது.

நான்காம் மாடியில் ஜெகதீஸ்வரி காத்திருந்தார். ஆராய்ச்சியை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். மோகனராஜும் சுல்தானும் விலக்கப்பட்டுவிட்டார்கள். வழக்கமான மாத்திரை மட்டும் தொடரும், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். அந்த ஆயிரத்து முந்நூறு எதனால் வந்தது, மருந்தாலா, பழைய மாத்திரையாலா, சும்மா இறங்கியதா என்பதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் தர்ஷிகா சொல்லிவிட்டார். இரண்டு பேர் எதை எந்த நாள் விழுங்கினார்கள் என்று அவர்களுக்கே தெரியாதபோது கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

"மிச்சத்தக் குடுங்கண்ணே."

மோகனராஜ் தன் புட்டியை வைத்தார். சுல்தானுடையதை நூருல் ஏற்கெனவே கொடுத்திருந்தாள். ஜெகதீஸ்வரி நீலத் தட்டில் கொட்டி, கத்தி மாதிரி ஒரு தகட்டால் இரண்டு இரண்டாகத் தள்ளி எண்ணினார். பிறகு படிவத்தில் எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார்.

"இருவருக்கும் கொடுத்தது, ஆறு புட்டி, நூற்றெண்பது. மோகனராஜ் விழுங்கியது எழுபத்துநாலு. முகம்மது சுல்தான் விழுங்கியது எழுபத்துநாலு. திரும்பி வந்தது பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. கூட்டினா நூற்றெண்பது. ஒன்னுகூட கொறையல." நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆராய்ச்சியில எண்ணிக்கை இவ்வளவு சுத்தமா இருந்தது உங்க ரெண்டு பேருக்குத்தாண்ணே."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

"தகவல் கொடுத்தவர், நீங்க. தகவல் கொடுத்த நேரம் பத்து இருபத்தி மூனு, அது எங்க போன்லயே இருக்கு. அவருக்கு ஸ்ப்ரே அடிக்கப் போறாங்கன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பத்து இருபத்திரண்டு என்று சொல்லலாம். இருபது என்றுகூடச் சொல்லலாம். அப்போதே அடித்து முடித்துவிட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. ஜெகதீஸ்வரி நம்புவார். ஆனால் நூருல் கையில் இருக்கும் பாயின் கைபேசியிலும் அந்த நேரம் இருக்கிறது. அவள் என்றைக்காவது விரலால் மேலே தள்ளிப் பார்ப்பாள். நாளைக்கோ, அடுத்த வருஷமோ. பார்க்கும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அவர் எதிர்க் கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பத்து பன்னெண்டு" என்றார் மோகனராஜ்.

பேனா நின்றது. ஜெகதீஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. எழுதினார். கழித்தார். இந்தத் தடவை வாய்விட்டுப் படிக்கவில்லை. படிவத்தை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்.

தெரிந்த நேரம்: 10.12. தெரிவித்த நேரம்: 10.23. மருந்து தெளித்த நேரம்: 10.18. தாமதம்: 11 நிமிடம். அதற்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. மோகனராஜ் கீழே கையெழுத்துப் போட்டார். கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.